முருகானந்தம் என்கிற சாக்கடைக் கூட்டம்

பூவானி பேரூராட்சி அலுவலகத்தில் மூளைக்குப் பஞ்சமே இல்லை. யாரும் எடுத்துப் புழங்காததால் எல்லாம் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது.

தலைமை எழுத்தர் தணிகாசலம், தட்டச்சர் எழிலரசி, உதவியாளர் பிச்சாண்டி. இந்த மூவரையும் நம்பி, கூட்டங்களைப் படம் பிடிக்க மேலிடம் ஒரு கேமராவும் கம்ப்யூட்டரும் அனுப்பியது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாட்ட வந்த டெக்னீசியன் போகும்போது சொன்னார்: "கூட்டம் முடிஞ்சதும் வீடியோவுக்கு ஒரு பேர் வச்சிருங்க. பேரை அடிச்சா வந்து நிக்கும். இல்லேன்னா தேடவே முடியாது."

முதல் கூட்டம் முடிந்தது. எழிலரசி பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"ரோகிணி, சார். ‘வி’யில ஆரம்பிக்கணும்."

"ஆணா, பொண்ணா?" என்றார் தணிகாசலம்.

"பேசினது பூரா ஆம்பளைங்க. முடிவெடுத்தது சுகாதார ஆய்வாளர் அம்மா."

தணிகாசலம் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்ப பொண்ணுதான். விசாலாட்சின்னு அடிம்மா."

"காதுல மூணு தடவை சொல்லணுமே," என்று கவலைப்பட்டார் பிச்சாண்டி. கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருந்ததால் அந்தக் கவலை தீர்ந்தது. வலது ஸ்பீக்கரில் வாயை வைத்து மூன்று முறை சொன்னார். கீபோர்டில் சர்க்கரைத் தண்ணீர் விடவும் போனார். அதைப் பிறந்தவுடனே வைத்திருக்க வேண்டும், இப்போது நேரம் கடந்துவிட்டது என்று எழிலரசி தடுத்துவிட்டார். போகட்டும் என்று பிச்சாண்டி ஸ்டூல் போட்டு ஏறி, கேமராக் கண்ணாடியில் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு இறங்கினார்.

நான்கு மாதத்தில் அறுபது பிள்ளைகள் ஆயின.

ஒரு திங்கட்கிழமை மாவட்ட அதிகாரி போன் செய்தார். "வெள்ளிக்கிழமை வர்றேன். சாக்கடைக் கூட்டத்துல நான் பேசினதைப் போட்டுக் காட்டணும். இல்லேன்னா மூணு பேருக்கும் தண்ணியில்லாக் காடுதான்."

தணிகாசலம் போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த வீட்டுச் சாவியைத் தடவிப் பார்த்தார். பாவம், ஊரிலேயே வீடு கட்டிப் பால் காய்ச்சி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

எழிலரசி ‘சாக்கடை’ என்று அடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"எப்படிம்மா வரும்? பெத்த பிள்ளைக்கு யாராவது சாக்கடைன்னு பேர் வைப்பாங்களா?" என்றார் பிச்சாண்டி.

விசாலாட்சியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். அவள் குப்பை வண்டி. பாலாம்பிகை தெருவிளக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் முருகானந்தத்தைத் திறந்தார்கள். சாக்கடை! தணிகாசலம் கண்ணீர் விட்டுத் திரையைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் அதிகாரி வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. குரல் கணீரென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டை, பேனா எல்லாம் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு உருண்டை.

"என் மூஞ்சி எங்கய்யா?"

"பொட்டுக்குப் பின்னாடி பத்திரமா இருக்குங்க ஐயா," என்றார் பிச்சாண்டி. "நாலு மாசமா ஒரு கண்ணு பட்டிருக்குமா, சொல்லுங்க!"

அதிகாரி அரைமணி நேரம் குதித்தார். எழிலரசி மெதுவாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்றைய நட்சத்திரத்தை அவர் தொட்டுக் காட்டியதும் தணிகாசலம் தலையாட்டினார்.

"இங்க நடந்தது எல்லாம் அந்தக் கேமராவுல பதிவாகியிருக்கில்ல? அந்த வீடியோ திங்கட்கிழமை என் மேஜைக்கு வரணும். அதை வச்சுத்தான் உங்களுக்கு மாறுதல் உத்தரவு!" என்று கத்திவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார்.

திங்கட்கிழமை வீடியோ போகவில்லை. கடிதம் ஒன்றுதான் போனது.

"ஐயா, தாங்கள் கேட்ட பத்மநாபன் மூல நட்சத்திரத்தில் நலமாகப் பிறந்துள்ளான். குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை போடாமல் பிள்ளையை வெளியூர் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. முடி இறக்கியதும் அனுப்பி வைக்கிறோம்."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தணிகாசலம் புது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். கோயில் வாசலில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். கத்தியை எங்கே வைப்பது என்றுதான் நாவிதருக்கு இன்னும் பிடிபடவில்லை.