முதல் படம்

நஞ்சப்பன் கடைந்த மர முறுக்கு அச்சுகள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆன்லைன் கடையில் போட்டும் ஒரு ஜீவன் வாங்கவில்லை. தீபாவளி போய்விட்டால் முறுக்கு அச்சை யார் தேடுவார்கள்? அதுவரை பார்ப்பேன், அப்புறம் பட்டறையைப் பூட்டிவிட்டு மில்லு வேலைக்குப் போங்கள் என்று மனைவி சரசு சொல்லிவிட்டாள். ஐம்பது வயசில் புதிதாக மில்லு வேலையா?

விற்கிற பொருளைப் படம் பிடிக்கச் சொல்லித்தரும் சுகுணாவிடம் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு இவர் வயதில் பாதிதான்.

"கடையில முதல்ல தெரியற படமா எதை வெக்கலாமுங்க அம்மணி?" என்று போனை நீட்டினார்.

குரு எதிரே இருந்த மளிகைக் கடையைக் காட்டினாள்.

"அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு படத்தைக் காட்டுங்கண்ணா. வாயைத் திறக்கக் கூடாது. அவர் குடுக்கறதை வாங்கிட்டு வாங்க."

முதலில் காட்டிய படம் நஞ்சப்பனுக்கு உயிர். வாழையிலை, தட்டு நிறைய முறுக்கு, சாமி படம், சாமந்திப்பூ. வியாபாரம் தொடங்கும்போது மொட்டையாகவா வைப்பார்கள்? அச்சுக்கும் பொட்டு வைத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்.

போனவர் ஒரு பாக்கெட் முறுக்கோடு திரும்பினார்.

"அடுத்த படம்," என்றாள் குரு.

அதில் சரசு பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக, அச்சைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் காது சிவக்கத் திரும்பி வந்தார்.

"என்ன குடுத்தாரு?"

"தண்ணி குடுத்தாருங்க. 'மனசை விட்றாதீங்க, உங்க சம்சாரம் கிடைச்சிருவாங்க, போலீஸ்ல சொல்லிட்டீங்களா'ன்னு கேக்கறாரு."

குரு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் மறுபடி கடையைக் காட்டினாள்.

மிச்சமிருந்தது ஒரே படம். வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் அச்சை மட்டும் வைத்து, சரசு ஏனோதானோவென்று எடுத்தது. பூ இல்லை, பொட்டு இல்லை, படம் முழுக்க அச்சுதான். இதைக் காட்டவே நஞ்சப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. போன வேகத்தில் சும்மா திரும்பி வந்தார்.

"ஒண்ணுமே குடுக்கலீங்க அம்மணி. பார்த்ததும் கையை விரிச்சுட்டாரு. 'முறுக்கு அச்சு நம்ம கடையில இல்லீங்க, பாத்திரக் கடையில கேளுங்க'ன்னு அனுப்பிட்டாரு. அவ்வளவுதாங்க, நான் மில்லுக்கே போறேன்."

"போகாதீங்கண்ணா," என்றாள் குரு. "அந்தப் படத்தை முதல்ல வைங்க."