மோட்டாரின் முதுகில் ஒரு ஸ்க்ரூ

“காது கேக்காத உங்களுக்குப் பாட்டு சரியா ஓடுதான்னு எப்படி டீச்சர் தெரியும்?”

கேட்டவர் சங்கரபாண்டி. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்தவர். காது அப்படி ஒரு காது. வாயும்தான்.

ரிப்பேர் கடைக்காரி ஜெயசீலிதான் அவருக்கு டீச்சர். முப்பது வயசு. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். அவள் கோபப்படவில்லை.

“அடுத்து வர்ற செட்டை நீங்களே கழட்டுங்க அண்ணாச்சி.”

வந்தே விட்டது. கோலாட்டக்காரி பேச்சித்தாய் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டேப்ரெக்கார்டரை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அவளோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவள், இசக்கி.

மூன்று மணிக்குப் போட்டி. இரண்டு வருஷம் தோற்றாயிற்று. இந்தத் தடவை விடக்கூடாது என்று ஆறு மாசம் இதே செட்டில் பாட்டுப் போட்டுப் பழகியிருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் பார்த்து செட்டு மூச்சு விடவில்லை.

சங்கரபாண்டிக்குக் கை பரபரத்தது. மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் பெல்ட் தொய்ந்துபோய் அறுந்து கிடந்தது. புதுசு மாட்டினார். மோட்டாரின் முதுகில், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகித் திருகி, கையோடு கொண்டு வந்திருந்த சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து நிறுத்தினார்.

பாட்டு கணீரென்று வந்தது. இம்மி பிசகவில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பேச்சித்தாயும் இசக்கியும் கடை வாசலிலேயே ஆடிப் பார்த்தார்கள். கோல் சேரவில்லை. பாட்டு முன்னால் ஓடியது, கால் பின்தங்கியது. மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அதே கதை.

பயத்தில் ஆட்டமே மறந்துபோச்சு என்று பேச்சித்தாய்க்கு அழுகை முட்டியது.

“பாட்டு சரி. கால்தான் தப்பு,” என்றார் சங்கரபாண்டி.

ஜெயசீலி அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். நிறுத்தாமல் ஆடச் சொன்னாள். கை செட்டுக்குள் இருந்தது. கண் அந்த நாலு பாதங்களை விட்டு நகரவில்லை.

ஒரு மயிரிழை பின்னால் திருகினாள். கோல்கள் உரசின.

இன்னொரு மயிரிழை.

டக். டக். டக்.

“இதுதான் எங்க பாட்டு!” என்று இசக்கி கத்தியே விட்டாள்.

ஜெயசீலி மூடியை முடுக்கிக் கொடுத்தாள். பாட்டை நிறுத்தக்கூட இல்லை. இரண்டு பேரும் பாடுகிற செட்டை இடுக்கிக்கொண்டு, கோலைத் தட்டிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

சங்கரபாண்டி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

“தொய்ஞ்ச பெல்ட்டுல ஆறு மாசமா மெதுவா ஓடின பாட்டு டீச்சர் அது. அதே வேகத்துக்கு இறக்கிட்டீங்க. சுருதி அரைக் கட்டை கீழ போயிடுச்சு.”

ஜெயசீலி ஸ்க்ரூ டிரைவரால் கீழே காட்டினாள்.

குனிந்து பார்த்தார். தெருமுனையில் தேய்ந்துகொண்டிருந்த பாட்டுக்கு அவருடைய செருப்பு இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.