முன்னால் நடந்தவர்

காந்திமதி மலைக்கு வந்து சேர்ந்தபோது தவமணி அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். எதுவும் காய்ந்திருக்கவில்லை. கோத்தகிரிக்கு மேலே அந்தப் பக்கத்தில் ஐப்பசி மாதம் துணி காய்வதில்லை. மேகம் தரைவரை இறங்கி வரும். ஜன்னல் வழியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

காந்திமதி ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவி. பல நாடுகளில் கிளைகள் கொண்ட நிறுவனம். தவமணி அம்மா கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை விட்டு வந்து மலையில் ஒரு தியான இல்லம் நடத்துகிறவர். காந்திமதியைவிட நான்கு வயது இளையவர். வயதை இருவருமே பொருட்படுத்தியதில்லை. குருவாக ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து காந்திமதி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"என்ன, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க?"

"ஒரு கேள்வி இருந்தது அம்மா. போன்ல கேட்கிற கேள்வி இல்லை."

"முதல்ல இந்தப் பக்கத்தைப் பிடிங்க."

இருவரும் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள்.

"இப்போ கேளுங்க."

"மேலே வர வர ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"மலையையா சொல்றீங்க?"

"இல்லை. என் ஆபீஸை."

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய நிறுவனம் ஒரு புதிய கருவியை வெளியிடுவதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் மார்பில் ஒட்டிவிட்டால் போதும். இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தடுமாறினால் நர்ஸுக்குத் தகவல் போகும். அவள் மலைக்கு வருவதற்கு முந்தின நாள்தான் கடைசிக் கூட்டம் நடந்தது. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று காந்திமதி கேட்டாள். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் இல்லை என்று தலையசைத்தார்கள். இருதயராஜ் என்ற பொறியாளர் மட்டும் வாயைத் திறந்தார்.

"அது வந்து மேடம்..."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லை மேடம். ரொம்ப நல்லா வந்திருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்தது.

"வீட்டுக்குப் போன பிறகும் அந்த 'அது வந்து' என்னை விடலை அம்மா" என்றாள் காந்திமதி.

"அவரைத் தனியா கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். எல்லாம் சரியா இருக்கு மேடம்னு சொல்லிட்டார்."

தவமணி அம்மா மடித்த போர்வையை ஜன்னல் திட்டில் வைத்தார். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வாங்க, கொஞ்சம் நடக்கலாம்."

"பனி இறங்குதே அம்மா."

"இறங்கட்டும்."

வீட்டுக்குப் பின்னாலேயே சோலைக்காடு தொடங்குகிறது. குட்டையான, முறுக்கிய மரங்கள். கிளையெல்லாம் பாசி. பாதை ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தவமணி அம்மா முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்திலேயே மூடுபனி அவர்களைச் சூழ்ந்துகொண்டது. காந்திமதிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சாம்பல் நிறச் சால்வை மட்டும்தான். அதுவும் சில சமயம் பனியோடு பனியாகிவிடும், பிறகு மறுபடி ஒரு மனுஷியாகத் திரண்டு வரும்.

"நீங்க எப்படி இவ்வளவு தூரம் வந்தீங்கன்னு நான் கேட்டதே இல்லை" என்றது முன்னாலிருந்து வந்த குரல். "நடந்துக்கிட்டே சொல்லுங்க."

காந்திமதி சொல்லத் தொடங்கினாள்.

தென்காசி. அம்மாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பள்ளி விட்டதும் அவள் அங்கேதான் போவாள். அம்மாவின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தலைக்கு மேலே ஊர்கள் பேசிக்கொண்டிருக்கும். பம்பாயில் இருக்கும் மகன், செங்கோட்டையில் இருக்கும் தாய், கல்யாணம் நின்றுபோன செய்தி, குழந்தை பிறந்த செய்தி. அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிடுவாள்.

சொல்லச் சொல்ல, பனிக்குள் யாரோ மெல்லிய குரலில் டிரங்க் கால் கேட்பதுபோல் இருந்தது. அவள் நின்று காதைக் கூர்மையாக்கினாள். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் பட்டையில் வரிசையாக ஆரஞ்சு நிறக் காளான்கள். அந்த வெண்மைக்குள் அவை மட்டும் விளக்கு ஏற்றியதுபோல் தெரிந்தன. இருவரும் தாண்டிப் போனார்கள்.

"அப்புறம்?"

அப்புறம் இன்ஜினியரிங். சென்னையில் முதல் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் பையன்கள் டீ குடிக்க எழுந்து போவார்கள். வெங்கடராகவன் என்று ஒரு மேனேஜர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன்னைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருதும்மா. ஆனா நீ சரின்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

முன்னால் தவமணி அம்மா சிரிப்பது கேட்டது.

"அவர்தான் என்னை மேலே அனுப்பினார். பெங்களூர். அப்புறம் வெளிநாடு. ஒவ்வொரு இடத்திலும், இது சரியில்லைன்னு சொல்றதுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு தடவை, பழைய தலைவர் ஒரு கம்பெனியை வாங்கப் போனார். வேண்டாம்னு நான் ஒருத்திதான் சொன்னேன். அன்னைக்கு அவர் என்னோட பேசலை. அடுத்த வருஷம் தனக்குப் பக்கத்து அறையை எனக்குக் கொடுத்தார்."

வளைவில் மறுபடியும் குறுக்கே ஒரு மரம். ஆரஞ்சுக் காளான்கள். இன்னொரு மரம் போலும் என்று நினைத்துக்கொண்டாள் காந்திமதி. தாண்டினாள்.

கல்யாணம், மகள், மகளை வளர்த்த கணவன், விமானங்கள். எந்த ஊரில் விழித்தோம் என்று காலையில் சற்று யோசிக்க வேண்டியிருந்த வருடங்கள். அவள் குரல் தாழ்ந்தது. பனி அவள் முகத்தை நனைத்தது. பாதை ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடத் தெரியவில்லை. கால்கள் தாமாக நடந்தன. தான் சொல்வது தன் வாழ்க்கையா, யாரோ சொல்லக் கேட்டதா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

"தலைவி ஆன முதல் நாள்?" என்றது சால்வை.

"பெரிய அறை. காலடியில கெட்டியான கம்பளம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன் அம்மா. சத்தமே வரலை. திறந்து மறுபடியும் சாத்திப் பார்த்தேன்."

குளிர் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. எதிரே, பாதையின் குறுக்கே, அதே மரம். இந்த முறை சந்தேகமே இல்லை. முன்பு தாண்டும்போது அவள் செருப்பு பட்டு உடைந்த காளான் ஒன்று அங்கேயே கிடந்தது.

சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தவமணி அம்மா தயங்காமல் மரத்தைத் தாண்டினார். அவர் காட்டில் இத்தனை வருடம் இருப்பவர். காரணம் இல்லாமல் ஒன்றும் செய்கிறவர் இல்லை. காந்திமதி பேசாமல் பின்னால் போனாள்.

மறுபடியும் அந்த மரம் வந்தபோது அவள் பற்கள் தந்தியடித்தன.

"அம்மா."

சால்வை நின்றது.

"இந்த மரத்தை முன்னாடியே தாண்டிட்டோம்."

தவமணி அம்மா திரும்பிப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அதன்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"கொஞ்ச நேரமா."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க தெரிஞ்சுதான் போறீங்கன்னு நினைச்சேன்."

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தைகள் அவள் காதிலேயே மறுபடி விழுந்தன. கூட்ட அறையின் நீண்ட மேசை நினைவுக்கு வந்தது. தவமணி அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். "எந்தப் பக்கம் போகலாம்? சொல்லுங்க."

"எனக்கு எப்படி அம்மா தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது அதே ரெண்டு காதுதான். கேட்டுப் பாருங்க."

காந்திமதி கண்ணை மூடினாள். நீர் சொட்டும் சத்தம். அதற்கு அப்பால் ஒரு பறவை. அதற்கும் அப்பால், வலப்பக்கம், ஓடை. வீட்டின் பின்னால் ஓடும் ஓடை அது. அவள் முன்னால் நடந்தாள். புதரை விலக்கி, வழுக்கி, ஒரு முறை உட்கார்ந்தே சறுக்கி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். தவமணி அம்மா அவள் தோளைப் பற்றியபடி பின்னால் வந்தார். சமையலறைப் புகை முதலில் மணத்தது. பிறகுதான் வீடு தெரிந்தது.

அடுப்பருகே உட்கார்ந்து, ஈரத் தலையோடு, காந்திமதி இருதயராஜுக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் அவர். குரலில் பயம் இருந்தது.

"இருதயராஜ், இன்னைக்கு நான் காட்டுல ஒருத்தர் பின்னாடி நடந்து போனேன். ஒரே இடத்தைச் சுத்திட்டிருந்தோம். எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா வாயைத் திறக்கலை. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றாள் அவள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தாள்.

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது.

"மேடம்" என்றார் இருதயராஜ். "நோயாளி புரண்டு படுக்கும்போது சில சமயம் கருவி லேசா விலகிடுது. அப்போ அது ஒண்ணும் சொல்றதில்லை. கடைசியா பார்த்த துடிப்பையே காட்டிட்டு இருக்கு. எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி. எப்பவாவதுதான் நடக்குது. அறிக்கையில ஓரமா போட்டிருந்தோம். நீங்க பார்த்துத்தான் முடிவு பண்ணியிருப்பீங்கன்னு..."

"நான் பார்க்கலை" என்றாள் காந்திமதி.

திங்கட்கிழமை கருவி வெளிவரவில்லை. அவளே மேடையேறி, தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பங்கு விலை சரிந்தது. அவளுக்குத் துணிச்சல் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. இயக்குநர் ஒருவர் அன்போடு, சிறிது ஓய்வெடுக்கலாமே என்றார். இன்னொருவர் அன்பில்லாமல் அதையே சொன்னார். அவள் பதவி அந்த மாதம் முழுவதும் ஒரு நூலில் தொங்கியது. கருவியைத் திருத்தி, மறுபடி சோதித்து, தை பிறந்த பிறகு ஆர்ப்பாட்டமில்லாமல் வெளியிட்டார்கள். வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்த இருதயராஜ், அந்தக் கருவியின் பொறுப்பு தன்னிடம் வந்ததை ஒரு வாரம் நம்பவில்லை. கூட்டங்கள் முன்பைவிட நீண்டன. ஆளுக்கு ஆள் பேசினார்கள். சில நாட்கள் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மாசியில் அவள் மறுபடி மலைக்கு வந்தாள். அன்றைக்கும் பனிதான். வாசல், வேலி, எதிரே இருந்த தேயிலைச் சரிவு எதுவுமே இல்லை. வீடு மட்டும் மேகத்தில் மிதப்பதுபோல் இருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னாள். தவமணி அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன் அம்மா."

"நான் என்ன செஞ்சேன்?"

"வேணும்னேதானே அன்னைக்கு வழி தப்பினீங்க? எனக்குப் புரிய வைக்க?"

தவமணி அம்மாவின் விரல்கள் நின்றன. அவர் காந்திமதியை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இல்லையே. எனக்கு உண்மையாவே வழி தெரியலை. ரொம்பப் பயந்துட்டேன்."

பனி ஜன்னலுக்கு உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் சற்று நின்றது.

"அப்புறம் ஏன் அம்மா நிக்காம நடந்துக்கிட்டே இருந்தீங்க?"

"பின்னாடி நீங்க வந்துட்டு இருந்தீங்களே" என்றார் தவமணி அம்மா. "நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே நடந்தேன்."