எத்திராஜ் கேட்ட லீவு

கண்ணும் மூளையும் சேர்ந்து எப்படிப் பார்க்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவர் பேராசிரியர் நாச்சியப்பன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்த ஒல்லிக்குச்சி எத்திராஜ், ஒருநாள் பத்திரிகையும் கையுமாகப் போய் நின்றான்.

"சார், எனக்குக் கல்யாணம். ஒரு வாரம் லீவு வேணும்."

"பரிசோதனை நடக்கிற நேரத்துல கல்யாணமா? லீவெல்லாம் கிடையாது. என் கண்ணுக்குத் தப்பி இங்கே ஒரு ஈகூட நகராது. முடிஞ்சா எனக்குத் தெரியாமப் போயிட்டு வா, பார்க்கலாம்!"

"சரி சார்" என்றான் எத்திராஜ், ரொம்பப் பணிவாக.

கல்யாண வாரம் போயிற்று. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். "அதே உடுப்பில் வேற ஆளை நிறுத்தினால் சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது" என்று நாச்சியப்பன் முழங்கிக்கொண்டிருந்தபோது, எத்திராஜ் லட்டுத் தட்டோடு நுழைந்தான்.

"என்னப்பா விசேஷம்?"

"போன வாரம் எனக்குக் கல்யாணம் ஆச்சு சார்."

"புளுகாதே! போன வாரம் பூரா நீதானே எனக்கு டீ கொடுத்தே?"

எத்திராஜ் வாசல் பக்கம் திரும்பி, "அண்ணே, உள்ளே வாங்க" என்றான். அவனுடைய காக்கிச் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு, வழுக்கைத் தலையும் முறுக்கு மீசையுமாக ராத்திரி வாட்ச்மேன் தணிகாசலம் வந்து கும்பிட்டார்.

"'எத்திராஜு, சர்க்கரை பத்தலை'ன்னு தினம் என்னைத்தான் திட்டுனீங்க சார்."

வந்தவர்களின் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. எத்திராஜ் மறுபடியும் பணிவாகத் தலையைச் சொறிந்தான்.

"சார், பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போகணும். லீவு தர்றீங்களா, இல்லே அண்ணனையே வரச் சொல்லட்டுமா?"