அருவி மேட்டுக் காவல்

ஒரு காட்டில் பேரிரைச்சலோடு விழும் அருவி ஒன்று இருந்தது. அதன் அடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் போடும் கூச்சல்கூடக் கேட்காது. ஆனால், குழந்தைகளே, கோடையில் அந்தக் காட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அதனால் புள்ளிமான்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. கூட்டம் கீழே இறங்கிக் குடிக்கும். ஒரு மான் மட்டும் மேட்டில் நிற்கும். மர உச்சியில் இருக்கும் மந்தி சிறுத்தையைக் கண்டு கத்தினால், மேட்டு மான் வாலைத் தூக்கும். வாலின் வெள்ளை தெரிந்ததும் எல்லாம் ஓடிவிடும். குடிக்கிற மான்கள் காட்டைப் பார்ப்பதில்லை, அந்த வாலை மட்டும்தான் பார்க்கும்.

பல கோடைகளாக அந்தக் காவல் கிளைக்கொம்பன் என்ற கிழட்டு மானுக்குத்தான். அதில் அதற்கு அத்தனை பெருமை.

இரண்டு மழைக்காலமாக அதற்கு ஒரு மனக்குறை. காட்டில் யாருமே சரியாகப் பேசுவதில்லையாம்.

“என்ன மந்தியாரே, வரவர உம் குரல் செத்துப்போச்சே! தின்ன இலை கிடைக்கவில்லையா?”

“கத்திக் கத்தி என் தொண்டைதான் புண்ணாகிக் கிடக்கிறது, பெரியவரே!”

பாதிதான் காதில் விழுந்தது. “ஆமாம், ஆமாம்” என்று கிளைக்கொம்பன் தலையாட்டிவைத்தது.

வீட்டிலும் இதே கதை.

“ஏங்க, மூன்று தடவை கூப்பிட்டேன்” என்றது அதன் மனைவி வடிவி.

“வாய்க்குள்ளேயே முனகினால்? வாயைத் திறந்து பேசு!”

வடிவி அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் நரி ஒன்று கிளைக்கொம்பனின் முதுகுப் பக்கமாக வந்தது. தேக்குச் சருகு கால்பட்டு நொறுங்கியது. மான் திரும்பவில்லை. நரிக்கு ஆச்சரியம். வேண்டுமென்றே சுள்ளியை ஒடித்தது. இருமியது. “அடேய் கிழடு!” என்று கூவியது. மானின் காது அசையக்கூட இல்லை.

நரி நேரே சிறுத்தையிடம் ஓடியது.

“அண்ணே, அந்தக் காவல்காரனுக்குக் காது சும்மா அழகுக்குத்தான்!”

“போடா! அப்படியானால் அதன் கூட்டம் அதைக் காவலுக்கு விடுமா?”

“விட்டிருக்கிறார்களே! நாளை உச்சிப்பொழுதில் பின்பக்கமாக வந்து பாருங்கள்.”

மறுநாள் மான்கள் இறங்கின. சிறுத்தை வந்தது. மந்தி அலறியது. அதன் கூட்டமே கிளையை உலுக்கி அலறியது. கிளைக்கொம்பன் மேட்டில் நிமிர்ந்து, நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

அதன் விலாவை ஏதோ உரசிக்கொண்டு போனது. காற்று என்று நினைத்தது. பார்த்தால், மஞ்சள் முதுகு! கறுப்புப் புள்ளிகள்! சிறுத்தை அதைத் தொட்டுக்கொண்டே தாண்டி, கீழே பாய்ந்து, வடிவியின் தொடையில் நகத்தைப் பதித்திருந்தது.

 கிளைக்கொம்பன் தலையைத் தாழ்த்தி ஓடிவந்து சிறுத்தையின் விலாவில் கொம்பால் குத்தியது. சிறுத்தை பிடியை விட்டுப் புதருக்குள் ஓடியது.

மான்கள் அருவியின் இரைச்சலைவிட்டு மேட்டுக்கு ஏறின. அங்கே பாறைமேல் நரி நின்று சிரித்தது. அதன் வாய் அசைவது மட்டும் கிளைக்கொம்பனுக்குத் தெரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அது மனைவியிடம் கேட்டது:

“வடிவி, அது என்ன சொல்கிறது? என் முகத்தைப் பார்த்துச் சொல்.”

வடிவி எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னது. “உங்களுக்குக் காது கேட்காது என்று நேற்றே கண்டுபிடித்துவிட்டதாம்.”

“நேற்றேவா! உனக்கு?”

“எனக்குப் போன வருஷமே தெரியும். எல்லோருக்கும் தெரியும். சொன்னால் கோபம் வருமே என்றுதான்...”

கிளைக்கொம்பன் குனிந்து பார்த்தது. வடிவியின் காலிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டியது.

“தெரிந்துமா என் காவலை நம்பிக் குடித்தாய்?”

வடிவி தலையைத் திருப்பிக் காயத்தை நக்கியது.

கிளைக்கொம்பன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: “என் கண் இன்னும் நன்றாக இருக்கிறது. காதுக்கு மட்டும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மந்தி கத்தினால் என் தோளில் இடிக்கட்டும்.”

மறுநாள் நொண்டிக்கொண்டே வடிவி மேட்டில் ஏறி, அதன் தோளோடு தோள் ஒட்டி நின்றது.

நீதி: காது மந்தமானதை ஒப்புக்கொள்ளாதவரும், அறிந்தும் சொல்லாதவரும் பகைவனுக்கே வழி விடுகிறார்கள்.