பெருமூங்கில் கேட்ட பங்கு

மரமும் செடியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மூங்கிலும் நெல்லைப் போல ஆண்டுதோறும் பூத்து அரிசி கொடுத்தது. மலைச்சரிவில் நின்ற பெருமூங்கில் ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கியிருந்தது. உதிரும் மணியில் பாதியை ஊரார் அள்ளிக்கொள்ளலாம். மீதியைத் தன் பிள்ளைகள் முளைக்க விட்டுவிட வேண்டும். ஊரும் அதை மீறியதில்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. கிழங்கும் இல்லை, தேனும் இல்லை. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ரேசி என்ற ஒரே மகளோடு இருந்தாள் மசணி. அவள் பங்கு மூங்கிலரிசி சீக்கிரமே தீர்ந்தது. பசிக்கிறது என்று சொல்வதையே ரேசி நிறுத்திவிட்டாள். அதுதான் மசணிக்குப் பயத்தைக் கொடுத்தது. துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு பெருமூங்கிலடிக்குப் போனாள்.

"மசணி, அது என் பங்கு" என்றது மூங்கில்.

அவள் நிமிரவில்லை. சருகை விலக்கி, மண்ணோடு கூட்டி, ஒரு மணி விடாமல் அள்ளிக்கொண்டு போனாள். அதைப் பார்த்த மற்றவர்களும் மற்ற மூங்கில் புதர்களின் அடியைக் கூட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு மழை வந்தது. காடெல்லாம் பச்சை பிடித்தது; மூங்கிலடியில் மட்டும் ஒரு முளைகூட இல்லை. மசணி போய்த் தலைகுனிந்து நின்றாள்.

"உன் மகள் பிழைத்தாளா?" என்று கேட்டது மூங்கில்.

"பிழைத்துவிட்டாள், தாயே."

"என் பிள்ளைகளில் ஒன்றுகூட இல்லை."

சபிக்கும் என்று நினைத்தாள். அது சபிக்கவில்லை.

"பசித்த பிள்ளையைப் பெற்றவளை என்னால் தடுக்க முடியாது. நாங்கள் பூப்போம் என்பதையே நீங்கள் மறக்கும்வரை இனிப் பூக்கமாட்டோம். பூத்தால் எல்லோரும் சேர்ந்து பூப்போம், நீங்களும் எலிகளும் தின்று தீராத அளவுக்கு. எங்கள் பிள்ளைகளில் எது பிழைத்தது, எது போனது என்று பார்க்க நாங்கள் இருக்கமாட்டோம்."

அதற்குப் பின் மூங்கில் பேசவே இல்லை.

ரேசி வளர்ந்து பிள்ளை பெற்றாள். மசணி ஆண்டுதோறும் போய் அண்ணாந்து பார்ப்பாள், இலைதான் இருக்கும். அவளுக்குக் கண் மங்கிய காலத்தில், அவளைத் தவிர ஊரே மூங்கில் பூவை மறந்துவிட்ட பிறகு, மலை முழுவதும் ஒன்றாகப் பூத்தது. ஊர் கூடைகளோடு ஓடியது. அவள் மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்து, காய்ந்த மூங்கில்கள் ஒவ்வொன்றாய்ச் சாயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை, கூட்டத்தோடு பூத்து, பூத்த கையோடு செத்துப்போவது அன்று தொடங்கியதுதான்.