படிகத்தில் எழுந்த மேடு

எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடமொன்றில் சதக்கத்துல்லா என்ற ஆராய்ச்சியாளன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எதுவும் எழுதிவைக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். அமைதியான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள்.

வேலையில் அவனுக்கு மேலே இருந்தவர் தில்லைநாயகம். அவன் ஊரான காயல்பட்டினத்தில் அடக்கம் முடிந்து திரும்பியவர், வீட்டுக்குப் போகாமல் நேரே பேராசிரியர் அற்புதமேரியின் அறைக்கு வந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் தில்லைநாயகத்துக்கு இந்தத் துறையைக் கற்றுக்கொடுத்தவர் அற்புதமேரிதான்.

"மேடம், தினமும் பக்கத்து மேசையிலதான் இருந்தான். ஒரு விரிசல்கூட என் கண்ணுல படல. குறை எங்க இருந்துச்சு?"

அற்புதமேரி, "வாங்க" என்று எழுந்தார்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம், மூடிய கலத்துக்குள் சிலிக்கன் படிகம் இருந்தது. தன்மேல் விழும் கதிரில் வேண்டிய சிறு பகுதியை மட்டும் அது பிரித்து அனுப்பும். மீதியெல்லாம் சூடாக அதற்குள்ளேயே இறங்கும். அந்தச் சூட்டைத் திரவ நைட்ரஜன் ஓடி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைக் கவனித்துவந்தவன் சதக்கத்துல்லா.

அற்புதமேரி கதிரைக் கொஞ்சமாகத் திறந்தார். திரையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தது.

"எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு."

முழுவதும் திறந்தார். புள்ளி கலங்கியது. ஓரம் பிசிறி, இரண்டாகப் பிளந்து நின்றது.

"படிகத்துக்கு என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்க."

"இப்ப எப்படிப் போறது மேடம்? கதிர் ஓடுதே. உள்ள போனா ஆள் மிஞ்ச மாட்டான்."

"சரி" என்று கதிரை நிறுத்தினார்.

மறுநாள், உள்ளே குளிர் தணிந்த பிறகு கலத்தைத் திறந்தார்கள். தில்லைநாயகமே படிகத்தை எடுத்து அதன் மேற்பரப்பை அளந்தார். சரிபார்க்க மறுபடி அளந்தார்.

"மேடு இருக்கா?" என்று கேட்டார் அற்புதமேரி.

"இல்ல. கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கு."

"நேத்து இருந்துச்சா?"

"இருந்திருக்கும். சூட்டுல நடுப்பகுதி உப்பும். கதிரை நிறுத்தினா அடங்கிடும்."

"விசாரணைக்கு வந்தவங்க எப்ப வந்தாங்க?"

தில்லைநாயகம் படிகத்தை மேசையில் வைத்தார். "எல்லாம் முடிஞ்சப்புறம். கதிர் ஓடும்போது கிட்டப் போக முடியாது. அப்புறம் திறந்தா ஒண்ணும் இல்ல. அப்ப எப்பத்தான் பார்க்கிறது மேடம்?" என்றார்.

"நேத்து படிகத்துல கோளாறுன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"திரையில விழுந்த வெளிச்சத்தை."

"அவன்கிட்டேருந்து உங்களுக்கு என்ன வந்துச்சு?"

தில்லைநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சில மாதங்களாகவே சதக்கத்துல்லா கொண்டுவந்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருநாள் ஒரு மாதிரி, அடுத்த நாள் வேறு மாதிரி. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை.

"திருப்பிக் கொடுத்தேன்" என்றார். "சரியா செஞ்சு கொண்டான்னு சொன்னேன். சரி சார்னு வாங்கிட்டுப் போவான். அவன் தாங்குவான்னு மத்தவங்க வேலையையும் அவன்கிட்டயே கொடுத்தேன்."

நிமிர்ந்து அற்புதமேரியைப் பார்த்தார்.

"கொஞ்சம் குறைச்சுக் கொடுத்திருந்தா, மேடம்?"

"படிகத்தைப் பத்திக் கேட்டா சொல்லுவேன். அவனைப் பத்தி எனக்குத் தெரியாது."

தில்லைநாயகம் மேசையில் கிடந்த படிகத்தையே பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவையும் வாங்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இது மட்டும் எப்படிப் பழையபடி ஆயிடுது?"

"அதுக்கு உயிர் இல்ல, நாயகம்" என்றார் அற்புதமேரி.